மூச்சைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டவர்

சீனாவின் தியான்ஜின் நகரில் எங்கள் ஆற்றங்கரைப் பாட்டுக் கூட்டத்தில் உச்சக்குரல் தெங் ஷூச்சின் அக்காவுடையது. கம்பள ஆலையில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். அதே ஆலை அவரை வருஷக்கணக்கில் நிற்க வைத்து முழங்காலையும் கெடுத்துவிட்டது. ஆனாலும் தினமும் பாலம் தாண்டி சைக்கிளில் வருவார். ஸ்டாண்டு போட்ட கையோடு பாடத் தொடங்குவார்.

போன குளிர்காலத்தில், பனி உறைந்த தெருமுனையில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியதோடு சரி. ஆனால் மகன் லெய் பயந்துபோய், சைக்கிளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டான்.

"நடம்மா. உடம்புக்கு அதுதான் நல்லது."

பனி உருகிய பிறகும் சைக்கிள் திரும்பி வரவில்லை. அக்கா நடந்தார். அதே பாலம், அதே தூரம்தான். கரைக்கு வந்ததும் கல் இருக்கையில் சாய்ந்துவிடுவார். ஒரு நாள் அவர் முறை வந்தபோது நீட்ட வேண்டிய இடத்தில் குரல் அறுந்தது.

பிடில் வாசிக்கும் கிழவர் ஹோவ் சும்மா இருப்பாரா? "ஏன் ஷூச்சின், பாட்டையெல்லாம் வழியிலேயே பாடி முடிச்சிட்டியா?"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேரே பாலத்தடி சைக்கிள் கடைக்குப் போனார். பழைய பச்சை வண்டி ஒன்றைத் தொட்டார்.

"யாருக்கு, பேத்திக்கா?" என்றான் கடைக்காரன்.

"எனக்குத்தான். சீட்டை இறக்கு."

சேதி தெரிந்து, மறுநாள் லெய் கரைக்கே வந்துவிட்டான். "மெதுவா நடந்து வந்தா என்னம்மா?"

"மெதுவா நடந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் இந்த உடம்பை நான்தான்டா தூக்கி வைக்கணும். தூக்குறது, வைக்கிறது, மறுபடி தூக்குறது. வண்டியில சீட்டு என்னைச் சுமக்குது. நான் மிதிக்கிறதெல்லாம் முன்னால போறதுக்கு மட்டும்தான். பாலத்து இறக்கத்துல அதுகூட வேண்டாம், தானா உருளுது. நடக்கிறவ காலை நிறுத்தினா எங்க போவா? அங்கேயே நிப்பா."

"விழுந்தா?"

"நடக்கிறவங்க யாரும் விழுறதில்லையா? பனி உறைஞ்சா வீட்டுல இருக்கேன், அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் என்னுது."

லெய் அன்றைக்குத் திரும்பிப் போனான். அடுத்த வாரம் கிழவர்கள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு. உன் பொண்டாட்டிக்கு முட்டைக்கோசு ஏத்திட்டுப் போ."

அவன் அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனான். அக்கா பச்சை வண்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார். இப்போது கரைக்கு வருவதோடு நிற்பதில்லை. பாட்டு முடிந்ததும், எதிர்க்காற்று அடித்தாலும், வடக்குச் சந்தை வரை போய் மீன் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்.