ஏழாம் நபர் சொல்லாதது

எங்கள் கட்டடத்தில் கழிப்பறை கழுவுபவரை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருட வேலை. கீழ்த்தளம் வேதியியல் ஆய்வுக்கூடம், மேல்தளம் எங்கள் சமூகவியல் துறை. மீந்த ஆசிட்டைப் படித்த மகராசர்கள் கழிப்பறையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அது அக்காவின் வலது கையில் மூன்று நகங்களைத் தின்றுவிட்டது. கையுறை கேட்டு நாலு மனு கொடுத்தார். துறைக் குமாஸ்தாவான நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலும் கிணற்றில் போட்ட கல்.

அதனால்தான், துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி ஆராயும் மாணவி வந்து கேட்டபோது அக்கா சம்மதித்தார். ஆய்வேட்டில் ஏறிவிட்டால் யாராலும் கிழித்துப்போட முடியாது என்று அந்த மாணவி சொன்னாளாம். சாப்பாட்டு நேரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். பெயர் வராது, நீங்கள் ஏழாம் நபர் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டியை எழுதியதும் பேசியவருக்கே வாசித்துக் காட்டி, சரி என்றால்தான் கையெழுத்து வாங்க வேண்டும். இவள் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒலிப்பதிவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுத வைத்துவிட்டாள். ஆய்வேடு அலமாரிக்கு வந்த அன்று ஏழாம் நபரைத் தேடியெடுத்து அக்காவுக்குப் படித்தேன். 'சவால்கள் இருந்தபோதிலும் என் பணி நிறைவளிக்கிறது. இவ்வளாகம் என் இரண்டாவது இல்லம்.' கையுறையையும் காணோம், ஆசிட்டையும் காணோம்.

"இது யாரு பேசுனது?" என்று அக்கா என்னைத்தான் முறைத்தார்.

அடுத்த வாரம், ஆய்விலும் படிப்பிலும் இந்தக் கருவியை அனுமதிக்கலாமா என்று முடிவெடுக்கப் பேராசிரியர்கள் கூடினார்கள். குறிப்பெடுக்க நான். மொழியைச் செம்மைப்படுத்த மட்டும் அனுமதிக்கலாமே என்று அந்த மாணவியின் வழிகாட்டி தேன் தடவிப் பேசினார். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அந்த நேரத்துக்கு வரச் சொன்னவன் நான்தான், மறைப்பானேன்.

"என்னத்த செம்மைப்படுத்துச்சு சார்? நான் கையுறை கேட்டேன். அது என் பேச்சுன்னு சொல்லி உங்களுக்கு நன்றி சொல்லிட்டு வந்திருக்கு."

சாராம்சம் மாறவில்லையே என்று வழிகாட்டி முனகினார். சாராம்சமாம்! அவர் விரலில் ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் பேசலாம் சாராம்சம்.

'ஊழியர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் துறைத்தலைவர். முடியாது என்றேன். இந்த வேலைக்கு வந்த நாளாக நான் சொல்லாத வார்த்தை. அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வழக்கப்படி எல்லார் முன்னாலும் வாசித்தேன். கோபத்தில் கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'நாலு மனு குடுத்தேன்.'

"அத நான் சொல்லலையே தம்பி. அதுவும் நாலு இல்ல, அஞ்சு. நீ லீவுல இருந்தப்போ ஒண்ண நானே எழுதிக் குடுத்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடித்து, அஞ்சு என்று திருத்தி, மறுபடி வாசித்தேன். ஆய்வேட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றும், அடுத்தவர் பேச்சைக் கருவி தொடக்கூடாதென்றும் தலைவர் எழுதச் சொன்னார்.

அதற்குக் கீழே அக்கா மெதுவாகக் கையெழுத்துப் போட்டார், இடது கையால். வலது கையில் பேனா நிற்பதில்லை.