ஞானம்மாள் தடுத்த ஊசி

செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலிலிருந்து கார்டு வந்தது. ஊருக்குப் போயிருந்த ஞானம்மாள் காலமாகிவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களுக்கு அந்த நர்ஸை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். டாக்டராகிய நானும்தான்.

இன்சுலின் போட வருகிறவர்களிடம், "சாப்பாடு ஆச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். இல்லையென்றால் ஊசி கிடையாது. "பட்டினிக்காரருக்கு இது மருந்தில்ல, விஷம்" என்பார். வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ அம்மாள் மேஜையில் பஞ்சாங்கம் வைத்திருப்பதை நான் கேலி செய்திருக்கிறேன். கரமனை அக்கிரகாரத்தில் பிறந்த எனக்கோ திதி தெரியாது.

ஒரு முற்பகலில் எங்கள் தெரு சேஷய்யரை நினைவில்லாமல் ஜட்காவில் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர். சர்க்கரை ஏறி மயங்கிவிட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். உடம்பெல்லாம் வேர்வை, வெயிலில் வந்ததால் என்று அதையும் ஒதுக்கினேன். இன்சுலினை ஊசியில் ஏற்றியபோது ஞானம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டாக்டரே, இன்னைக்கு ஏகாதசி. ஊசியைப் போட்டுட்டுப் பட்டினி கெடந்திருப்பாரு. வேர்வையைப் பாருங்க, சர்க்கரை எறங்கிருக்கு."

"கையை விடும்."

"விட மாட்டேன். முதல்ல குளுக்கோஸ் போடுங்க. நான் சொல்றது தப்புன்னா பெறகு இன்சுலின் போடலாம். உங்க கணக்கு தப்புன்னா, பெறகு போட ஆளு இருக்காது."

குளுக்கோஸ் ஏறி முடிவதற்குள் சேஷய்யர் கண் திறந்து, "ஆத்துக்குப் போணும்" என்றார். காலையில் ஊசி போட்டுக்கொண்டு துளசித் தீர்த்தம் மட்டும் குடித்திருந்தாராம். ஊசியில் ஏற்றியிருந்த இன்சுலினை நானே கொட்டினேன்.

அவர் மனைவி, "தெய்வமா வந்தேள்" என்று என்னைக் கும்பிட்டு அழுதார். ஞானம்மாள் பக்கத்திலேயே நின்றார். நான் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏகாதசிக்கும் முந்தைய நாள் கரமனைக்கு நடந்தே போனார். ஊசி போட்டுக்கொள்ளும் வீடுகளில் ஏறி, "விரதம்னா டாக்டர்கிட்ட முன்னாலயே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவில் முணுமுணுத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இனி அந்த வீடுகளுக்கு நான் போகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது, அவருக்குச் சேர வேண்டிய அந்தக் கும்பிடு. ஆறு வருஷம் வெட்கமில்லாமல் வைத்திருந்தேன். நேற்று சேஷய்யர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவிதான் கேட்டார்: "ஏன் டாக்டர், இதை அவா இருக்கறச்சே சொல்லப்படாதோ?"

எழுந்து வந்தேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். சேஷய்யரைப் பிழைக்க வைத்தவர் ஞானம்மாள்.