நீதிபதி நாற்காலியில் அட்டெண்டர்

தொண்ணூறுகளில், கோவைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய தனியார் சட்டக் கல்லூரியில் நான் தற்காலிக அட்டெண்டர். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாத ஒரு மேடம், மாணவர்கள் வாதாடிப் பழகும்போது, எட்டாவதோடு நின்ற என்னைத்தான் நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பார்.

அன்று வாதாடியவன் தாளாளர் மகன்.

"புரிஞ்சுதுங்களா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

வேலை போய்விடுமோ என்று பயந்தாலும், "இல்லீங்க மேடம்" என்றேன்.

"இவருக்கு என்னங்க மேடம் தெரியும்?" என்று அவன் சீறினான்.

"நீங்க சொதப்புனா ஜெயிலுக்குப் போறது இவராட்ட ஆளுங்கதானுங்க தம்பி. மறுக்கா ஆரம்பிங்க."

ஐந்தாம் முறைதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் தாளாளர் மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார். மேடம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போனார். உள்ளே என்ன பேசினாரோ, இன்றுவரை தெரியாது. திரும்பி வந்து அதே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார்.