உப்பில்லாத சோறு

கறிக்கு உப்பை இப்போது கரண்டியால் அளந்துதான் போடுகிறேன். கையால் அள்ளிப் போட்டுப் பழகியவள் நான். போன ஆனி மாதத்துக்குப் பிறகு என் கையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மகளுக்கு இருபத்துமூன்று வயது. கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நோய் வந்தது. முதலில் நித்திரை போனது. பிறகு பேச்சு நிற்கவில்லை. ஒருநாள் குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவுக்கும் அங்கிருந்து திரும்பவும் போய் வந்துகொண்டே இருந்தாள், பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தன் காப்புகளைக் கழற்றிக் கொடுத்தபடி. அது அடங்கியதும் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். இருமுனை நோய் என்றார்கள். லிதியம் குளிசை தொடங்கினார்கள். மெல்ல மெல்ல எழும்பினாள். சீப்பெடுத்துத் தலை இழுத்தாள். தகப்பனோடு எதிர்த்து வாய் காட்டினாள். அந்த வாய்க்காட்டலைக் கேட்டு நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

நிம்மதி வந்தபோதுதான் நயினாதீவுக் கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைத்தேன். திருவிழாக் கொடியேறின நாளிலிருந்து தேர் வரைக்கும் ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல்.

கிளினிக்கில் தந்த தாளில், உப்பும் தண்ணீரும் வழக்கம்போல இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தேன். கணவருக்குப் பிரஷர். உப்பைக் குறையுங்கோ என்று கேட்டுக் கேட்டே பழகிய வீடு எங்களுடையது. உப்புக் கூடினால்தான் ஆபத்து, குறைந்தால் நல்லது என்பது எனக்குள் ஊறிப்போயிருந்தது.

முதல் நாள் நான் என் தட்டில் சோற்றைப் போட, மகளும் தன் தட்டை நீட்டினாள்.

“உனக்கு வேறையாக் காய்ச்சி வைச்சிருக்கிறன், பிள்ளை.”

“எனக்காகத்தானே நேர்ந்தனீங்கள்? நானும் இதைத்தான் சாப்பிடுவன்.”

கணவர் என் சோற்றில் ஒரு வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “இஞ்சேரும், சுத்திவரக் கடலை வைச்சுக்கொண்டு இதென்ன சோறு? ஒரு வாளி மொண்டு கொண்டுவரட்டோ?”

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. தடுக்கவில்லை.

அந்த மாதம் வெயில் கொளுத்தியது. எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். விரதம் என்று அவள் தண்ணீரையும் குறைத்துக்கொண்டாள். குளிசையை மட்டும் ஒரு நேரமும் தவறவிடாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். குளிசை தொடங்கிய காலத்திலிருந்தே அவளுடைய விரல்களில் சின்ன நடுக்கம் உண்டு, அது வழக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் தண்ணீரைச் சிந்தியபோது, “கவனமாப் பிடியன்” என்று ஏசினேன். குமட்டிச் சத்தி எடுத்தபோது வெறும் வயிறு என்று நினைத்தேன்.

தேரன்று விடியவே நயினாதீவுக்குப் போனோம். வீதியில் சனம் நெரிந்தது. மகள் என் தோளைப் பிடித்திருந்தாள். திடீரென்று பிடி விட்டது. திரும்பிப் பார்த்தால், கால் பின்ன ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். கை உதறியது. வாய் ஏதோ சொன்னது, சொல் தெளியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனுசி கை கூப்பினாள்.

“அம்மாள் வந்திட்டா! விலகுங்கோ, பிள்ளையிலை அம்மாள் வந்திட்டா!”

சுற்றி நின்றவர்கள் விலகி வட்டமாய் நின்றார்கள். யாரோ வேப்பிலையை அவள் கையில் வைத்தார்கள். எழுத வெட்கமாக இருக்கிறது: நானும் கும்பிட்டேன். நேர்த்தியை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அவள் வேப்பிலையை விட்டுவிட்டு என் சேலையைப் பற்றினாள். நாக்குத் தடித்தவள்போலக் குழறிக் குழறிச் சொன்னாள்.

“அம்மா... எனக்குக் கால் நிக்கேலாமல் கிடக்கு.”

அம்மாள் அப்படிப் பேசமாட்டாள். அது என் பிள்ளை.

கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினார். படகில் இடம் விட்டார்கள். அக்கரையில் வான் வண்டி ஒன்று கிடைத்தது. பட்டணத்துக்குப் போகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் கடல். மண்டைதீவு தாண்டும்போது அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குளிசையின் பெயரைச் சொன்னதும் இளம் லேடி டொக்டர் ஒருவர் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். நான் சொல்லி முடிக்க முன்னமே இரத்தம் எடுக்கச் சொன்னார். லிதியம் இரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிட்டது என்றார்கள். குளிசை உடனே நின்றது. சேலைன் ஏறத் தொடங்கியது. உப்புத்தண்ணீர். நான் சோற்றில் மறித்ததை அவர்கள் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாய்த் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து, அவள் பேச்சுத் தெளிந்தபிறகு, டொக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார்.

“ரீச்சர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறனீங்கள் எண்டு மகள் சொன்னா. ஆவர்த்தன அட்டவணையிலை லிதியமும் சோடியமும் ஒரே கூட்டம், என்ன?”

“ஓம்.”

“உயிர்க்கல மென்சவ்விலை சோடியம் போற வாசலாலை லிதியமும் உள்ளை போகும். கலத்துக்கு வித்தியாசம் வடிவாத் தெரியாது. ஆனா சோடியத்தை வெளியிலை தள்ளுற பம்ப் லிதியத்தை அவ்வளவாத் தள்ளாது. அதாலை உள்ளை தங்கும். எப்பிடி மனத்தை நிதானப்படுத்துது எண்டு முழுசா இன்னும் தெரியாது. ஆனா உடம்பிலை உப்புக் குறைஞ்சால், சிறுநீரகம் சோடியத்தை விடாமல் திருப்பி இழுக்கும். அதோடை லிதியத்தையும் இழுத்து வைச்சிடும். குளிசை கூடேல்லை, ரீச்சர். வெளியேறுறது குறைஞ்சு போச்சு.”

லிதியம், அதற்குக் கீழே சோடியம். எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரே கூட்டத்து மூலகங்கள் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் என்று பிள்ளைகளைச் சொல்லவைத்திருக்கிறேன். என் குசினிக்குள் அது நினைவுக்கு வரவில்லை.

“இனி இந்தக் குளிசை வேண்டாமே?” என்று கேட்டேன்.

டொக்டர் வாய் திறக்க முன்னமே மகள் சொன்னாள். “வேணும். படகிலை காப்புக் குடுத்ததை நீங்கள் மறந்திட்டியள், நான் மறக்கேல்லை.”

குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார்கள். அடிக்கடி இரத்தம் பார்க்கிறோம். கணவரின் அக்கா நேர்த்தி பிசகினது குற்றம், அடுத்த வருடம் முடித்துவிடு என்கிறார். நான் கோயிலுக்குப் போனேன். இனி ஒன்றும் நேரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அம்மாள் கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும்.

தெரிந்துகொண்டதால் பயம் குறையவில்லை. வெயில் ஏறினால் பயம். வயிற்றோட்டம் என்றால் பயம். அவள் அதிகம் சிரித்தாலும் பயம், பேசாமல் இருந்தாலும் பயம். களைத்துப்போனேன். காலையில் அவள் தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். மெல்லிய நடுக்கம் என்றால் பரவாயில்லை. அலை எழுந்தால்தான் ஆஸ்பத்திரி.

“என்னையும் ஒருக்காப் பாருங்கோவன் அம்மா, தேத்தண்ணியை மட்டும் பாக்கிறியள்” என்றாள் இன்று.

பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம்கூட இராது, என் கண் திரும்பவும் கோப்பைக்குப் போய்விட்டது.