பொன்னம்மாவின் படாக் தூண்

காலையில் பல் விளக்கியதும் பொன்னம்மா வாசலில் நிற்கும் அந்தப் படாக் மரத்தூணை விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டுவாள். எதிர்வீட்டுப் புஷ்பாவின் காதில் விழும்வரை தட்டுவாள். "ஏக்தம் பக்கா படாக்! கரையான் கடிச்சா கரையானுக்குத்தான் பல்லு போவும்" என்று ஆட்டுக்குட்டியிடம் சொல்வாள். ஆட்டுக்குட்டிக்குக் காது நன்றாகவே கேட்கும். அவ்வளவு சத்தம் அதற்குத் தேவையில்லை.

அந்தமான் சௌல்தாரியில் அவள் தாத்தா கட்டிய மரவீட்டில் மிச்சம் இந்த ஒரு தூணும் சரிந்த ஒரு விட்டமும்தான். புஷ்பாவின் வீடோ முன்பாதி முழுசாக, சட்டமும் பலகைச் சுவருமாக நிற்கிறது. பழைய மரவீடுகளுக்கு வயது கணிக்கும் அருண்பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து வந்து அதைப் படம்பிடித்துப் போனான். அன்றிலிருந்து பொன்னம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ வீடு பழசாம்! எங்க தாத்தா கப்பல்ல வந்து எறங்கையில அவ தாத்தா மெயின்லேண்டுல மாடு மேச்சிட்டிருந்தாரு."

ஊருக்கு முதலில் வந்தது தன் குடும்பம்தான் என்று அருண்பிரசாத் வாயால் வர வேண்டும். அதற்காகத் தூணுக்குத் தினமும் டீ பூசினாள். தூண் கறுத்தது. எறும்பும் வந்தது, சர்க்கரை போட்ட டீ.

மறுபடி வந்த அருண்பிரசாத் தூணை முகர்ந்து பார்த்தான். "இஞ்சி போட்டீங்களா ஆன்ட்டி?"

"அரே, இங்கத்த காத்தே அப்பிடித்தான் தம்பி."

நிறத்தை அவன் சட்டை செய்யவில்லை. ரம்பத் தடத்தைத் தடவினான். "கோடு நேரா இருக்கு. கையால அறுத்தது. மில்லு ரம்பம்னா வளைஞ்சிருக்கும். அந்த வீட்டு மரமும் இப்பிடித்தான்."

"அப்ப எது மூத்தது?"

"அடியில பாக்கணும் ஆன்ட்டி. அந்தக் காலத்து ஆசாரிங்க எத்தனாவது தூணுன்னு உளியால கோடு போடுவாங்க. எதிர்வீட்ல ஒண்ணு, ரெண்டு, நாலு இருக்கு. மூணாந்தூணை யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த எடத்துல சிமென்ட்டு."

பொன்னம்மா கீழே பார்க்கவில்லை. தினமும் பெருக்குகிற இடம். அங்கே எத்தனை கோடு என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அக்கா, யாரு வீடு பழசாம்?" எதிர் வாசலிலிருந்து புஷ்பா கூவினாள்.

அருண்பிரசாத் குனிவதற்குள், பொன்னம்மா தூணடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவையை இரண்டு பக்கமும் நன்றாக இழுத்துப் பரப்பிக்கொண்டாள்.

"போட்டோ எடுக்கணும்னா இப்பிடியே எடு தம்பி. முட்டி வலி, எந்திரிக்க முடியாது."