பைக்குள் மூன்று சீட்டு

திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கும் மனோகரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில், இருபத்தெட்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் வேலை. மைக்ரோமீட்டரை வைத்து அளப்பார். அளவு மயிரிழை தப்பினாலும் சிவப்பு டேக்கைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார். சூப்பர்வைசர் கெஞ்சியிருக்கிறார். ஒருமுறை முதலாளியே வந்து முறைத்துக்கொண்டு நின்றார். மனோகரன் மசியவில்லை.

ஆனால் அந்த மனிதர் வாயிலிருந்து 'கூடாது' என்ற சொல் வருவது அந்த ஒரு மேஜைக்கு முன்னால் மட்டும்தான். சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். இடம் கேட்டால் எழுந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப்போன ஏணி மூன்று வருஷமாக அங்கேயே நிற்கிறது. எதைக் கேட்டாலும் 'சரிங்க.' அவர் மனைவி சரசா இதற்காகத் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

இப்படி ஒரு ஆள் கையில் கிடைத்தால் சபையில் விடுவார்களா? செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எழுபது குடும்பம் கூடும் தகரக் கூரை போட்ட ஆராதனைக் கூடம். பாய் விரிப்பது, மைக் சரிபார்ப்பது, இந்த வாரம் யார் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று எழுதி வாசிப்பது எல்லாம் அவர்தான். பத்து வருஷமாகச் செய்துவந்தார். பிரசங்கம் மட்டும் செய்ததில்லை. மைக்கில் அறிவிப்பு வாசிக்கும்போதே அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

போன வருஷம், பதினெட்டு வருஷம் சபையை நடத்திய பாஸ்டர் முழங்கால் வலி தாங்காமல் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று பிடித்தது சனி. அடுத்த பாஸ்டர் யார்?

ஒரு பக்கம் சுப்பராயன். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பதாவது வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டார், காலை டீ உட்பட. அவருக்கு உபதேசம்தான் உயிர். பாட்டில் ஒரு வரி வேதத்துக்கு ஒத்துவரவில்லை என்று கிறிஸ்துமஸ் அன்று பாதிப் பாட்டில் எழுந்து நிறுத்தியவர்.

இன்னொரு பக்கம் தேவா. தூத்துக்குடியிலிருந்து வந்து ஐடியில் இருப்பவர், முப்பத்தாறு வயது, நூம்பல் பக்கம் ஃபிளாட். பெட்டிக்குள் பூட்டி வைக்கவா சுவிசேஷம் என்பது அவர் கேள்வி. புதிதாய் எழும்பும் ஒவ்வொரு அபார்ட்மெண்டிலும் ஒரு கூட்டம், வேன், புரொஜெக்டர் என்று லேப்டாப்பில் படம் போட்டே வைத்திருந்தார். உபதேசம் தெரியாதவன் போய் என்னத்தைச் சொல்வான் என்பார் சுப்பராயன். வெளியே போகாதவனுக்கு அவ்வளவு உபதேசம் எதற்கு என்பார் தேவா. சபையே இரண்டாகப் பிரிந்து வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி உட்கார ஆரம்பித்தது. நடுவில் பாய் விரித்தவர் மனோகரன்.

கடைசியில் ஆவடிப் பாஸ்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார்கள். அவர் ஒரு வழி சொன்னார். மூன்று நாள் உபவாசம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சீட்டு. வேதத்தில் இருக்கிற முறைதான். யார் பெயர் வருகிறதோ அவரைக் கர்த்தர் குறித்தார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ரெண்டே சீட்டுன்னா ஒருத்தர் ஜெயிச்சாரு, ஒருத்தர் தோத்தாருன்னு ஆயிடும்பா," என்றார் சுப்பராயன். "மூணாவதா சும்மா ஒரு பேரு இருக்கட்டும். தோத்தவங்க ரெண்டு பேர்னா மனசு ஆறும்."

அதற்கு தேவாவும் ஒப்புக்கொண்டார். அந்த வருஷத்திலேயே அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எல்லாத் தலையும் மனோகரன் பக்கம் திரும்பியது.

"சரிங்க," என்றார் மனோகரன்.

ஒரு வெள்ளைத் தாளை ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரே அளவாய் மூன்று துண்டு வெட்டியவரும் அவரேதான். மூவரும் ஒவ்வொருவராக, பாய் அடுக்கி வைக்கும் அறைக்குள் போய், தன்னைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்துத் தன் கையாலேயே தன் பெயரை எழுதி, நாலாக மடித்து, சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பைக்குள் போட வேண்டும். மனோகரன் கடைசியாகப் போனார். பேனாவை எடுத்தார். ரிட்டையர்மெண்டுக்கு நாலு வருஷம், தன் மேஜை, தன் மைக்ரோமீட்டர், மைக்கில் கட்டிக்கொள்ளும் தொண்டை எல்லாம் கண்முன் வந்தன. பேனாவை மூடினார். வெறும் சீட்டை நாலாக மடித்தார். வெறுஞ்சீட்டு வந்தால் மறுபடி எடுப்பார்கள், பெரியவர்களுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார். தானும் ஒரு தந்திரம் செய்துவிட்டதில் லேசான சந்தோஷம்கூட இருந்தது.

சபையிலேயே மூத்தவரான முத்தம்மாள் பைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். கண்ணில் புரை, வாசிக்க வராது. ஆவடிப் பாஸ்டர் வாங்கிப் பிரித்து மைக்கில் வாசித்தார்.

"மனோகரன்."

மனோகரனுக்குக் காது அடைத்தது. பாஸ்டர் அந்தச் சீட்டைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் யாரும் பிரிக்கக் கூடாது, தேவன் ஒதுக்கியதைத் திறந்து பார்ப்பது அவிசுவாசம் என்று சொல்லி, பையைச் சுருட்டிச் செயலாளர் கையிலேயே கொடுத்தார்.

எழுதாத பெயர் எப்படி வரும்? மனோகரனுக்கு ஒரே பதில்தான் தோன்றியது. நான் ஏமாற்றப் பார்த்தேன், ஆண்டவரே என் வெறுஞ்சீட்டில் எழுதிவிட்டார். சிரிக்காதீர்கள். மூன்று நாள் பட்டினி கிடந்து, பொய்ச்சீட்டு போட்டு, அடுத்த நிமிஷம் தன் பெயரை மைக்கில் கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் நம்பியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பையைப் பீரோ மேல் வைத்தார். அதைத் தொடவே பயம்.

அடுத்த மூன்று வாரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. முழுநேர ஊழியர்தான் பாஸ்டராக இருக்கலாம் என்பது சபை விதி. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது சூப்பர்வைசர் ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் வாங்கிக்கொண்டார். இனி டேக் கட்ட ஆளில்லை என்ற நிம்மதி அவருக்கு. சுப்பராயன் நாற்பது பக்க நோட்டில் உபதேசங்களை எழுதிக்கொண்டுவந்து, இந்த வரிசையில் போதித்தால் போதும் என்றார். தேவா வருஷத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், முதல் கூட்டத்துக்கு நூம்பலில் நாள்கூடக் குறித்து. இரண்டு பேருக்கும் மனோகரன் 'சரிங்க' சொன்னார்.

சரசா கண்ணாடி முன் நின்று கம்மலைக் கழற்றினாள். அந்தச் சபையில் பாஸ்டரம்மா நகை போடக் கூடாது. காது ஓட்டையை விரலால் தேய்த்துக்கொண்டே, "இன்னாத்துக்கு அப்டி பாத்துகினு கீற? கர்த்தர் கூப்ட்டாரு, போய்த்தான் ஆவணும்," என்றாள். மனோகரனுக்கு அழுகை வந்தது. தன் சீட்டு வெறுஞ்சீட்டு என்பதை அவளிடம்கூட அவர் சொல்லவில்லை.

மனோகரனைப் பாஸ்டராகப் பிரதிஷ்டை செய்வதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். நாளைக்குக் காணிக்கை எடுக்கப் பை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று சரசா அதைப் பீரோ மேலிருந்து எடுத்து உதறினாள். இரண்டு சீட்டும் தரையில் விழுந்தன. "இந்தா, உன் பேப்பரு," என்று அவர் கையில் திணித்துவிட்டுப் பையைத் துவைக்கப் போய்விட்டாள்.

திறக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் ஒன்றில் சுப்பராயன், மற்றதில் தேவா என்று இருந்துவிட்டால், தன் வெறுஞ்சீட்டில் ஆண்டவர் எழுதியது கண்ணால் கண்ட சாட்சியாகிவிடும். அதற்குப் பிறகு தைரியமாக எதையும் செய்யலாம். பிரித்தார்.

முதல் சீட்டில் ஒன்றும் இல்லை. அது அவருடையது.

இரண்டாவதில் 'மனோகரன்' என்றிருந்தது. வால் நீண்ட ரயில்வே கிளார்க் எழுத்து. பத்து வருஷமாக நோட்டீஸ் பலகையில் பார்த்த எழுத்து. சுப்பராயன் தன் பெயரை எழுதவில்லை. அப்படியானால் முத்தம்மாள் எடுத்த சீட்டு தேவா போட்டது. தேவாவும் தன் பெயரை எழுதவில்லை. பைக்குள் பாஸ்டராக வர விரும்பிய ஒருவர் பெயர்கூட இருக்கவில்லை. ஆண்டவர் எதையும் எழுதவில்லை. மனோகரன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனார். சுப்பராயனும் தேவாவும் சேர்ந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு வேறு இருந்தார்கள். மனோகரன் சீட்டைப் பிரித்துச் சுப்பராயன் முன் நீட்டினார்.

கிழவர் முகம் வெளுத்துப் போனது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பயம்பா," என்றார். "பதினெட்டு வருஷம் அந்த மனுஷன் பிரசங்கத்துல தப்பு தேடினேன். பாய் ரூமுக்குள்ள போய் என் பேர எழுதப் போனா கை வரல. நாளைக்கு என் பிரசங்கத்துல எழுவது குடும்பமும் தப்பு தேடும். கேள்வி கேக்கறவனா இருந்தே பழகிட்டேன்பா."

மனோகரன் தேவாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் தேவா. "நானும்தான். அஞ்சு நாள் அபார்ட்மெண்ட்ல கூட்டம் போடலாம். ஆனா சாவு வீடு, புருஷன் பொண்டாட்டி சண்டை, ஆஸ்பத்திரி, வருஷம் முழுக்க இதே ஜனம்னு நெனச்சேன். வேலைய விடவும் முடியல. சுப்பராயன் ஐயா பேரு வந்தாலும் சபை ஒடஞ்சிரும். ஒங்க பேரு வந்தா ஒருத்தரும் சண்டை போட மாட்டாங்கன்னு தோணுச்சு."

மனோகரனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூடாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது சுப்பராயன் அவர் கையைப் பிடித்தார்.

"நாங்க ரெண்டு பேரும் தேவனை ஏமாத்தினோம்பா. நீ ஒருத்தன்தான் உண்மையா உன் பேர எழுதிப் போட்ட. அதனாலதான் எங்க கள்ளத்தனத்தையும் வெச்சே அவரு உன்ன எடுத்துக்கினாரு. எங்கள சபையில காட்டிக் குடுக்காதப்பா."

வெறுஞ்சீட்டு மனோகரனின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் போதும். நானும் உங்களைப் போல்தான், சீட்டு செல்லாது, மறுபடி போடுங்கள் என்று சொல்லலாம். மறுபடி போட்டால் மறுபடியும் மூன்று பேரும் பாய் அறைக்குள் போவார்கள். மறுபடியும் அவர் பெயர்தான் வரும். இல்லையென்றால் நாளைக்கே சபை இரண்டாகும். முத்தம்மாள் எந்தப் பக்கம் போய் உட்காருவார்? வேலையோ போய்விட்டது. சரசாவின் காது ஓட்டை தூர்ந்துகொண்டிருக்கிறது. சட்டைப் பை மேல் கை வைத்தபடியே நின்றார்.

"இந்த வரிசைல நாலு நாற்காலி கம்மியா கீது," என்றார் கடைசியில். தேவா ஓடிப்போய் எடுத்துவந்தார்.

மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் இடப்பக்கம் என்றில்லாமல் ஜனம் கலந்து உட்கார்ந்திருந்தது. அப்படிப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனோகரன் அதைக் கவனிக்கத்தான் செய்தார். சரசா வெள்ளைப் புடவையில் முன்வரிசையில் இருந்தாள். ஆவடிப் பாஸ்டர் வேதாகமத்திலிருந்து அந்தச் சீட்டை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். கம்ப்யூட்டர்காரர்களின் அவசரக் கிறுக்கல் எழுத்து. இத்தனை பேரில் அது யார் கை என்று தெரிந்தவர்கள் மூவர்.

"சகோதரர் மனோகரன், இந்த அழைப்பு தேவனிடத்திலிருந்து வந்தது என்று முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறீர்களா?"

மைக் அவர் வாயருகே வந்தது. பட்டறை மேஜை ஞாபகம் வந்தது. சிவப்பு டேக் பெட்டி இப்போது யாரிடம் இருக்குமோ என்று நினைத்தார். முத்தம்மாள் புரை விழுந்த கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க," என்றார் மனோகரன்.

கூடம் சிரித்தது, அன்பாகத்தான். பிறகு எல்லாரும் ஆமென் என்றார்கள். அவரை மண்டியிடச் சொன்னார்கள். மூப்பர் என்ற முறையில் சுப்பராயன் வலப்பக்கமும், வாலிபர் தலைவர் என்ற முறையில் தேவா இடப்பக்கமும் நின்று அவர் தலைமேல் கை வைத்தார்கள். ஆவடிப் பாஸ்டர் நெடுநேரம் ஜெபித்தார். உபதேசத்தில் உறுதியும், தேசமெங்கும் போய்ச் சொல்லத் தைரியமும், மந்தையைச் சுமக்கத் தோளும் இந்த ஒரு மனிதருக்குக் கொடும் ஆண்டவரே என்று கேட்டார்.

ஜெபம் முடிந்தது. "எழுந்திருங்க பாஸ்டர்," என்றார் அவர்.

மனோகரன் எழப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் இன்னும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.