நான் எண்ணாமல் விட்ட நாட்கள்

நான் மதுரைக்காரி. ஆஸ்லோவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். மூன்று வருடம் வேலை பார்த்தால் இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தேன். இடையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று முறை ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினேன். “லேப்டாப்பைக் கொண்டு போ, வேலை நடந்தால் போதும்” என்றார் மேனேஜர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகூட மீட்டிங் பேசியிருக்கிறேன். அந்தப் பெருமையோடுதான் விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஓடினேன்.

“ஒரு நாள்கூட லீவு போடலக்கா. வரியெல்லாம் இங்கதான் கட்டினேன்!”

“வேலை செய்தது சரி பிள்ளை. எங்கை இருந்து செய்தனீர்?”

கடிதத்தை மறுபடி படித்தேன். மூன்று வருடத்தில் மொத்தமாக ஏழு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருக்கக் கூடாதாம். நான் இருந்தது ஒன்பது மாதம். சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் அடுக்கியவள், பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் வெளியே இருக்கும் ஒவ்வொரு நாளையும் காலண்டரில் சிவப்பு மையால் குறிக்கிறேன். எண்ணிப் பார்க்காமல் டிக்கெட் போடுவதில்லை.

போன மாதம் அப்பா இறந்தார். எண்ணினேன். அடுத்த விண்ணப்பம் வரை வெளியே இருக்க ஆறு நாள்தான் மிச்சமிருந்தது. ஆறாம் நாள் திரும்பிவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்தை அதே லேப்டாப்பில் பார்த்தேன். அன்று நான் நார்வேயில்தான் இருந்தேன். அந்த நாளை என் கணக்கிலிருந்து யாரும் கழிக்க முடியாது.